அப்பா நிற்காத கதவு நிலை

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பிப்ரவரி மாதம், பெங்களூர் காக்ஸ் டவுனில் பனி இன்னும் விலகவில்லை. செய்தித்தாள் அலுவலகத்தில் இரவு வேலையில் இருந்தபோதே எனக்குத் தொலைபேசி வந்துவிட்டது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சாப்பாட்டு மேசைமேல் கிடந்த மடக்கு அளவுகோல். மஞ்சள் பூசிய மரம், மூட்டுகளில் பித்தளை. அதன் பக்கத்தில் தச்சர்கள் காதில் செருகும் தட்டைப் பென்சில். அவற்றுக்கு உரியவர், கோயிலுக்கு எதிரே சவப்பெட்டி செய்பவர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தார். உள்ளறையில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“ஜெபம் முடியட்டும் தம்பி, அப்புறமா உள்ள போய் அளந்துக்கிறேன். பலகை எடுத்து வைக்கச் சொல்லணும். அப்பா எவ்ளோ உயரம் இருப்பாரு?” என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து வந்த அண்ணனைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. அம்மாவிடம் போய்க் கேட்டான். அம்மா ஜெபமாலையை நிறுத்தாமலே தெரியாது என்று தலையை ஆட்டினாள். உயரத்தைப் பற்றி அவ்வளவு பேசி, அவ்வளவு சண்டையிட்ட அந்த வீட்டில், அப்பாவின் உயரத்தை மட்டும் யாரும் அறிந்திருக்கவில்லை. அளந்தவர் எப்போதும் அவர்தான். அளவுக்கு அவர் ஒருமுறையும் நின்றதில்லை.

சமையலறைக் கதவு நிலையின் இடது சட்டத்தில் எங்கள் இருவருடைய கோடுகளும் இன்னும் இருக்கின்றன. இரண்டு முறை வர்ணம் பூசியாயிற்று. ஈரம் பட்டால் மையாகிவிடும் காப்பியிங் பென்சிலின் ஊதா நிறம் வர்ணத்துக்கு மேலும் கசிந்து தெரிகிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், காலணியைக் கழற்றிவிட்டு நாங்கள் அந்தச் சட்டத்தில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். அப்பா எங்கள் தலைமுடியை உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்குவார். கெட்டி அட்டை போட்ட ஜெபப் புத்தகத்தைத் தலைமேல் வைத்து, அதன் முதுகு மரத்தில் சரியாகப் படிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். ராணுவக் கிடங்கொன்றில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். பெட்டிகளையும் பீப்பாய்களையும் அளந்து பழகிய கை. பென்சில் நுனியை நாக்கில் தொட்டு, புத்தகத்துக்குக் கீழே ஒரு கோடு இழுப்பார். அண்ணனுக்குப் ‘பெ’, எனக்குச் ‘சி’. பெரியவன், சின்னவன்.

அண்ணன் என்று சொல்கிறேனே தவிர, நாங்கள் இரட்டையர். அவன் கால் மணி நேரம் முந்திப் பிறந்தான் என்பதால், பேரைச் சொல்லிக் கூப்பிட அப்பா எனக்கு அனுமதி தரவில்லை. ஒரே முகம் கொண்ட இரட்டையர் அல்லர் நாங்கள்; தெருவில் பார்ப்பவர்கள் அண்ணன் தம்பி என்றுகூடச் சட்டென்று நினைக்கமாட்டார்கள். பன்னிரண்டு வயதில் அவனுக்குக் குரல் உடைந்தது, மீசை அரும்பியது. பதிமூன்றில் என்னைவிட ஒரு சாண் உயரம். பள்ளியில் அவனைப் பெரிய வகுப்புப் பையன்களோடு நிறுத்தினார்கள். என்னை அணிவகுப்பின் கடைசியில் வைத்தார்கள். என் பங்குப் பாலையும் கருவிலேயே அவன் குடித்துவிட்டான் என்று எதிர்வீட்டு ரயில்வே கார்டு சொல்லிச் சிரிப்பார். அந்த நாட்களில் அப்பா அண்ணனைப் பார்க்கும் பார்வையில் ஒரு திருப்தி இருந்தது. இவன் சப்-இன்ஸ்பெக்டர் ஆவான் என்று வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் சொன்னார்.

பதினான்கு வயதில் அவன் அல்சூர்ப் பக்கத்துக் கரடி மனைக்குப் போகத் தொடங்கினான். கரடி மனை என்பது கன்னடத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பெயர். ஓடு வேய்ந்த தாழ்வான கட்டடம், உள்ளே செம்மண் தரை, சுவரில் அனுமார் படம். அதை நடத்தியவரை எல்லாரும் உஸ்தாத் என்றார்கள். கழுத்தே இல்லாத மனிதர். அங்கே எடை தூக்குபவர்களில் முதல் வரிசைக்காரர்கள் எல்லாரும் அவரைப் போலவே குட்டையாகவும் அகலமாகவும் இருந்தார்கள். அதை நானும் பார்த்தேன், அப்பாவும் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாங்கள் இருவரும் அதற்கு ஒரே அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொண்டோம்.

அண்ணன் சீக்கிரமே பெயர் வாங்கிவிட்டான். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு தள்ளுவண்டி அச்சையும் நாலு சக்கரங்களையும் வாங்கி வந்து வீட்டுக் கொல்லையில் போட்டுக்கொண்டான். விடியற்காலையில் அந்தச் சக்கரங்கள் மண்ணில் இறங்கும் ஓசை கேட்டுத்தான் நான் விழிப்பேன். அடங்கிய, கனமான ஓசை. அவன் இரும்பை ஒருபோதும் போட்டு உடைக்கவில்லை. குழந்தையைக் கிடத்துவதுபோல இறக்கிவைப்பான்.

கதவு நிலையில் மாற்றம் தெரிந்தது அதற்குப் பிறகுதான். பதினைந்தாவது வயதில் ‘பெ’ கோடுகள் நெருங்கி வந்தன. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஐந்தடி மூன்றரை அங்குலம். அந்த இடத்தில் ஊதாக்கோடு தடித்து ஒரு பட்டைபோல ஆகிவிட்டது. அதே மாதங்களில் என் கோடுகள் ஏணிப்படிபோல ஏறத் தொடங்கின. ஒரு கோடைக்காலத்தில் என் கால்சட்டைகள் எல்லாம் முழங்காலுக்கு மேலே போயின. பதினாறில் நான் அவனைத் தாண்டினேன். கரடி மனைப் பையன்கள் எங்களை ஒன்றாகப் பார்த்தால் விடமாட்டார்கள்.

“இன்னாடா, உன் தம்பி ஒட்டகம் மாதிரி வரான், நீ உரல் மாதிரி உருண்டு வர? ரெண்டு பேரையும் ஒரே கடையிலயா வாங்கினாங்க?”

அண்ணன் அதற்குச் சிரிப்பான். அப்பாவால் சிரிக்க முடியவில்லை. எதிர்வீட்டுக் கார்டு ஒருநாள் வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி தீர்ப்பே சொல்லிவிட்டார்.

“சிட்டி மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவங்களைப் போய்ப் பாருங்க சார். ஒருத்தனாவது நெட்டையா இருக்கானா? வளர்ற வயசுல தலைமேல கனம் ஏத்தினா எலும்பு எங்க வளரும்? அமுங்கித்தான் போவும். உங்களுக்குத் தெரியாததா?”

கடைசி வார்த்தைகளை அவர் வேண்டுமென்று சொன்னாரா என்று தெரியவில்லை. அப்பாவுக்கு அது தெரிந்த விஷயம்தான். அவருடைய தகப்பனார் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. வாலாஜாவில் அரிசி மண்டி வைத்திருந்த சித்தப்பா அவரை அழைத்துக்கொண்டு போய் மூட்டை தூக்கவைத்தார். முதல் உலகப் போரின்போது பெங்களூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து ஓடிவந்து வரிசையில் நின்றார். உயரம் போதாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். சீருடை போட வந்தவர், சீருடைகள் அடுக்கிய கிடங்கில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு குமாஸ்தா ஆனார். “எங்க சித்தப்பா என் தலைமேல ஏத்தின மூட்டை இன்னும் இறங்கல” என்பார். அந்தச் சித்தப்பா இறந்தபோது தந்தி வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு வழக்கம்போல வேலைக்குப் போனார். தடித்த அடி வைத்த காலணியையும் உயரமான சோலாத் தொப்பியையும் அணிந்து அவர் தெருவில் நடந்துபோகும்போது, நடுத்தர உயரம் என்றுதான் பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

ஜூலை மாதத்தில் உஸ்தாத் வீட்டுக்கு வந்தார். தசராவையொட்டி மைசூரில் நடக்கும் எடை தூக்கும் போட்டிக்கு, மிகக் குறைந்த எடைப் பிரிவில் அண்ணனை அனுப்ப முடிவு செய்திருந்தார். அங்கே நன்றாகத் தூக்கினால் மாநில அணியில் இடம் கிடைக்கும் என்றார். அப்பா அவருக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, முடியாது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அண்ணன் அன்றுதான் முதல்முறையாக அப்பாவுக்கு எதிரே நின்று பேசினான்.

“போலீஸ் வேலை உங்க ஆசைப்பா. இது எனக்கு வர்ற வேலை.”

“வளர்ற வரைக்கும் வளரு. அப்புறம் மலையையே தூக்கு. யாரு வேணான்னா?”

முடிவில் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு வருஷம் இரும்பைத் தொடக் கூடாது. அந்த ஒரு வருஷத்தில் அவன் உயர்ந்தால் அப்பா சொன்னது சரி. போலீஸ் தேர்வுக்குப் போக வேண்டும். உயராவிட்டால் அப்பா இனி வாயே திறக்கமாட்டார். ஜெபப் புத்தகத்தின்மேல் கையை வைத்துச் சொன்னார். ஒரு வருஷம் என்றால் மைசூர் வாய்ப்பு போய்விட்டது என்று அண்ணனுக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றான். அந்த அச்சையும் சக்கரங்களையும் அவனே விறகு அறைக்குள் சுமந்து சென்றான். அப்பா பூட்டினார்.

அந்த வருஷம் எங்கள் வீடு நடந்த விதத்தை இப்போது நினைத்தால், ஒரு நோயாளியைச் சுற்றி நடப்பதுபோல இருந்தது. அம்மா அவனுக்கு மட்டும் தினம் இரண்டு முட்டை வைத்தாள். கொல்லை மாமரத்தில் அப்பா ஒரு குழாயைக் கட்டினார். காலையிலும் மாலையிலும் அண்ணன் அதைப் பிடித்துத் தொங்க வேண்டும். தோளும் மார்பும் அகன்ற ஒருவன், எதையும் தூக்காமல் தன்னையே தொங்கவிட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். தசரா வந்தது, போயிற்று. அவனுடைய இடத்தில் கரடி மனையிலிருந்து வேறொருவன் மைசூர் போய், மாநில அணியிலும் இடம் பிடித்தான். முதல் ஞாயிறுதோறும் அப்பா பென்சிலை நாக்கில் தொட்டார். ஒவ்வொரு முறையும் பழைய பட்டைமீதே இன்னொரு கோடு விழுந்தது. ஐந்தடி மூன்றரை. என் முறை வரும்போது நான் முழங்காலைச் சற்று மடக்கி நிற்கக் கற்றுக்கொண்டேன். அப்பா ஜெபப் புத்தகத்தால் என் முழங்காலில் தட்டி நிமிரச் சொல்வார்.

மார்ச் மாதம் கால்பந்து ஆடும்போது அண்ணன் கீழே விழுந்தான். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த இளம் டாக்டர் கன்னடக்காரர். எங்களோடு தமிழில் பேசினார். சீட்டில் அண்ணனுடைய பிறந்த நாளை எழுதியவர், எனக்கும் அதே நாள்தான் என்று நான் சொன்னதும் நிமிர்ந்தார்.

“அவளி ஜவளியா நீங்க?” இரட்டையரா என்று கன்னடத்தில் கேட்டவர், எங்களை மேலும் கீழும் பார்த்தார். “நம்பவே முடியலயே. இரு, உன் கையையும் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம்.”

ஈரம் காயாத இரண்டு எக்ஸ்-ரே படங்களையும் அவர் ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். வெளியே வெயில். சாம்பல் நிறத்தில் இரண்டு கைகள். அண்ணனுக்கு எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். டாக்டர் அதைச் சொல்லிவிட்டு, பேனா மூடியால் என் படத்தைத் தொட்டுக் காட்டினார்.

“நோடப்பா, இது உன் கை. எலும்பு முனைக்கும் தண்டுக்கும் நடுவுல கருப்பா ஒரு கோடு ஓடுது பார். அங்கதான் வளர்ச்சி. இன்னும் திறந்திருக்கு. இது உங்க அண்ணன் கை. கோடே இல்ல. ரெண்டும் சேர்ந்தாச்சு. இவருக்கு வளர்ச்சி முடிஞ்சு போச்சு.”

“எடை தூக்கினதாலயா டாக்டர்?” அண்ணன் கேட்டான்.

“தப்பா தூக்கி, அந்த இடத்துல அடிபட்டு உடைஞ்சிருந்தா வளர்ச்சி கெடலாம். அப்படி இங்க ஒரு அடையாளமும் இல்ல. உனக்கு மீசை எப்ப வந்தது?”

“பன்னெண்டு வயசுல.”

டாக்டர் என் மேலுதட்டைப் பார்த்துச் சிரித்தார். “அவ்ளோதான் விஷயம். நீ முதல்ல ஓட ஆரம்பிச்சே, முதல்ல நின்னுட்டே. இவன் லேட்டா கிளம்பினான், இன்னும் ஓடறான். நீ எடையே தூக்கலேன்னாலும் இங்கதான் நின்னிருப்பே.”

“எட்டு மாசமா நிறுத்தி வெச்சிருக்கேன் டாக்டர், வளரணும்னு.”

“சும்னே நிறுத்தியிருக்கே” என்றார் அவர். கன்னடத்தில் ‘வீணாக’ என்று பொருள். அதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி கடந்ததும், படங்கள் இருந்த பழுப்பு உறையை அண்ணன் என்னிடம் கொடுத்தான்.

“அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா ஜெயிச்ச மாதிரி இருக்கும்.”

நான் சொன்னேன். டாக்டர் காட்டியதுபோலவே சமையலறை ஜன்னலில் வைத்துக் காட்டினேன். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு படங்களையும் மாறிமாறிப் பார்த்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்ப எங்க சித்தப்பா?”

எனக்குப் புரியவில்லை.

“மூட்டை தூக்கினதால இல்லேன்னா, எங்க சித்தப்பா என்ன பண்ணிட்டாரு என்னை?”

அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மா திரும்பாமலே கேட்டாள். “சாப்பாடு போட்டாரா அவரு?”

அப்பா படத்தைக் கீழே வைத்தார். “ராத்திரியில ஒரு வேளை. கூழு.”

“இத்தனை வருஷத்துல இதைச் சொன்னதே இல்லியே நீங்க.”

“மூட்டை தூக்கினேன்னு நாலு பேர்கிட்ட சொல்லலாம்” என்றார் அப்பா. “பசிச்சுதுன்னு எப்படிச் சொல்றது?”

அண்ணன் கதவருகே நின்றிருந்தான். அப்பா அவனைப் பார்க்காமல் எழுந்து போனார். மறுநாள் காலையில் விறகு அறைச் சாவி அண்ணனுடைய தட்டின் பக்கத்தில் இருந்தது. நிபந்தனை முடிய இன்னும் மாதங்கள் பாக்கி இருந்தன. அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு, பூசையிலிருந்து வந்த அப்பா ஜெபப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டார். கதவு நிலையில் அதன்பிறகு கோடு விழவில்லை. நான் மேலும் இரண்டு அங்குலம் வளர்ந்ததை யாரும் குறிக்கவில்லை.

அந்த ஆண்டு தசராவுக்கு அண்ணன் மைசூர் போனான். நாலாவதாக வந்தான். மாநில அணிக்கு முந்தின வருஷம் போனவனே மறுபடியும் போனான். “ஒரு சால் போச்சு பேட்டா” என்று உஸ்தாத் அவன் தோளைத் தட்டினார். ஒரு வருஷம் போயிற்று என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் பிறகு ஒரு மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தான். காலையில் இரும்பைத் தூக்குவதை அவன் விடவில்லை.

நிருபராகி இரண்டாவது வருஷம், காய்கறி விலை பற்றி எழுதுவதற்காக ஒரு காலை முழுவதும் சிட்டி மார்க்கெட்டில் நின்றேன். எழுத வேண்டியதை எழுதி முடித்த பிறகும் திரும்பிவிடாமல் மூட்டை தூக்குபவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டையானவர்கள் அதிகம் என்பது உண்மை. ஆனால் நெட்டையானவர்களும் இருந்தார்கள். என்னைவிட உயரமான ஒருவர் இரண்டு வெங்காய மூட்டைகளோடு என்னை இடித்துக்கொண்டு போனார். இந்த நெட்டையானவர்கள் யாருடைய கண்ணிலும் பட்டதில்லை, ஏனென்றால் அவர்களைத் தேடிப் பார்க்க யாரும் அங்கே போகவில்லை. சுமை ஏறியதால் குட்டையானார்கள் என்று நாங்கள் நினைத்தவர்களில் பலர், சிறுவயதில் எதைச் சாப்பிட்டு வளர்ந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கரடி மனையிலும் இதேபோல் பார்வை தலைகீழாகிவிட்டது. கைகால் குட்டையான உடலுக்குத் தூக்க வேண்டிய தூரம் குறைவு. அப்படிப்பட்டவர்கள் அங்கே நிலைத்தார்கள், மற்றவர்கள் வேறு விளையாட்டுக்குப் போனார்கள். சீக்கிரம் முதிர்ந்த பையனுக்குப் பதினான்கில் பெரிய ஆளின் பலம் இருக்கும். அதனால்தான் அவன் இரும்பைத் தேடிப் போகிறான். அவன் போன நாளும் வளர்ச்சி நின்ற நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நாங்கள் ஒன்றை மற்றதற்குக் காரணமாக்கினோம். இதையெல்லாம் நான் அப்பாவிடம் சொன்னதில்லை. ஜன்னலில் அந்தப் படங்களைப் பார்த்த அன்றே அவருக்கு வேண்டிய அளவுக்கு மேல் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கடைசி ஏழெட்டு மாதங்கள் அப்பாவால் எழுந்து நிற்க முடியவில்லை. மூட்டுகள் இறுகி, கால்கள் மடங்கியே இருந்தன. மில்லுக்குப் போகும் முன் அண்ணன் வந்து அவரைக் கட்டிலிலிருந்து தூக்குவான். ஒரு கை முதுகுக்குக் கீழே, ஒரு கை முழங்காலுக்குக் கீழே. முதுகை வளைக்காமல், காலால் எழுவான். கரடி மனையில் பழகிய முறை. குளியலறைக்குக் கொண்டுபோய் முக்காலியில் இறக்குவான்; இறக்கும்போது ஓசையே இருக்காது. நானும் ஒருநாள் தூக்க முயன்றேன். எனக்கு உயரம் இருந்தது. அப்பா வலியில் முனகினார். “நீ விடு சின்னவனே, பெரியவன் வரட்டும்” என்றார். தூக்கியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அப்பாவின் தலை அண்ணனுடைய தோளில் இருக்கும். ஒருமுறை மட்டும் அவர் அவனிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“கனமா இருக்கேனாடா?”

“இல்லப்பா. இது வார்ம்-அப்புக்குக்கூட ஆவாது.”

அப்பா சிரித்தார். அந்த வீட்டில் எடையைப் பற்றி அவர் சிரித்ததை நான் கேட்டது அப்போது மட்டும்தான்.

ஜெபமாலை முடிந்தது. பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். பெட்டிக்காரர் மேசைமேலிருந்த அளவுகோலை எடுத்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உள்ளே போனார்; நானும் அண்ணனும் பின்னால் போனோம். அப்பாவின் முழங்கால்கள் போர்வைக்குள் மடங்கியிருந்தன. உடம்பு இன்னும் முழுவதும் விறைக்கவில்லை. “கால் நீட்டினாத்தான் சரியா அளக்க முடியும்” என்றார் அவர், யாரைப் பார்த்தும் சொல்லாமல். அண்ணன் கட்டிலருகே மண்டியிட்டான். ஒரு கையை முழங்காலின் மேலும் மறு கையைக் குதிகாலின் கீழும் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் ஒரு காலையும் பிறகு மறு காலையும் நீட்டினான். குதிகால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். நான் தலைப்பக்கம் நின்று, படிய மறுத்த நரைமுடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன்.

பித்தளை மூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெட்டிக்காரர் அளவுகோலைக் குதிகாலிலிருந்து தலைவரை நீட்டி, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சிறு பலகைத் துண்டில் குறித்துக்கொண்டார்.

“அஞ்சடி மூணரை” என்றார்.